வெயிலுமுத்து குடிக்காத பீடிகள்

பொட்டல் தெருவில் பீடி துளிர்த்ததைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இலையில் ஈரம் என்பார்கள், தூளில் கலப்படம் என்பார்கள், சுடலைமாடனுக்குக் கோபம் என்பார்கள். காது கொடுக்க வேண்டாம். வெயிலுமுத்து பீடியை விட்டான், அதனால் பீடி துளிர்த்தது. காரணம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு தெரு என்ன செய்தது என்பதுதான் சொல்ல வேண்டியது.

வெயிலுமுத்துவுக்குப் பைபாஸ் விலக்கில் பஞ்சர் கடை. அவன் பெண்டாட்டி முப்பிடாதி பீடி சுற்றினாள். எங்கள் தெருவில் பீடி சுற்றாத பெண் கிடையாது. விடிந்ததும் வாசல் தெளித்து, பிள்ளைகளை அனுப்பி, உலையைப் போட்டுவிட்டு மடியில் முறம் மாதிரியான சுளகை வைத்து உட்கார்ந்தால், இலையை வெட்டி, தூளைத் தூவி, உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி, அரட்டையும் சண்டையும் அழுகையும் நடுவில் நடக்க, விரல் மட்டும் நிற்காமல் இருட்டும் வரை ஓடும். கல்யாணம் பேச வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன்னால் விரலைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தெரு.

வெயிலுமுத்து காசு கொடுத்துப் பீடி வாங்கினது இல்லை. வீட்டுக்குள் வரும்போது ஒரு கை, வெளியே போகும்போது ஒரு கை, பெண்டாட்டியின் சுளகுக்குள் பார்க்காமலே போய்வரும். ஒன்று வாய்க்கு, ஒன்று காதுக்கு. காதில் செருகின பீடி இல்லாமல் அவனை நாங்கள் பார்த்ததில்லை. முப்பிடாதியும் ஒன்றும் சொன்னதில்லை. அவன் எடுத்ததற்கும் சேர்த்துச் சுற்றினாள்.

முப்பிடாதிக்கு இருமல் வந்தது. எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற இருமல்தானே என்று விட்டுவிட்டார்கள். அது விடவில்லை. பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பகலெல்லாம் தூள், வீட்டுக்குள்ளே நீங்கள் விடுகிற புகை, இரண்டையும் இந்த நெஞ்சு தாங்காது, ஒன்றையாவது உடனே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதிக நாள் மூச்சு ஓடாது என்று சொன்னாள். அவளிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னாள்.

பஸ்சில் திரும்பி வந்தார்கள். எதை நிறுத்துவது? சுளகை நிறுத்தினால் அடுப்பு நின்றுவிடும். பாலம் தாண்டும்போது அவன் காதில் இருந்த பீடியை எடுத்து ஜன்னல் வழியாக ஆற்றில் எறிந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் கை தன்பாட்டுக்குச் சுளகுக்குள் போனது.

ஏலக்காய் மென்றான். கடலை மிட்டாய் தின்றான். கோயிலில் கயிறு கட்டினான். கயிறு கட்டின கையாலேயே தீக்குச்சியைக் கிழித்தான். கடைசியில் கல்யாண மண்டபத்தில் இலவச தியான வகுப்பு என்று ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துவிட்டுப் போனான். இலவசம் என்பதால் தெருவில் பாதிப் பேர் போனோம். வெள்ளை வேட்டிக்காரர் ஒருத்தர் மேடையில் உட்கார்ந்து, மூச்சைப் பாருங்கள், வருவது வரட்டும், போவது போகட்டும், எதையும் விரட்டாதீர்கள், எதன் பின்னாலும் ஓடாதீர்கள் என்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். அவர் சாயங்கால ரயிலைப் பிடித்துப் போய்விட்டார். வெயிலுமுத்துவுக்கு மட்டும் விளங்கியிருக்கிறது.

"டியூப்பத் தண்ணியில முக்கிட்டுப் பாக்கோம்லா, அதேதான்வே," என்றான் என்னிடம். "காத்து முட்ட வரும். எங்கிட்டு இருந்து வருதுன்னு பாக்கணும். அவ்வளவுதான் சோலி."

மறுநாள் அடுப்படிக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான். ஆசை வந்தது. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி, தொண்டையில் ஏறி, நாக்கைக் காயவைத்து, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவில் வந்து நின்றுகொண்டது. அவன் அதை விரட்டவில்லை, எழுந்தும் போகவில்லை. தண்ணீருக்குள் முட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தான். அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உடைந்து போனது.

அந்த நேரத்தில் முன் அறையில் முப்பிடாதியின் சுளகில் ஒரு பீடி துளிர்த்தது. மடக்கின முனை தானாக விரிந்து, உள்ளேயிருந்து மிளகு அளவுக்கு ஒரு பச்சை எட்டிப்பார்த்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு இலையாகப் பிரிந்தது. அவள் அதை எடுத்து ஓரமாக வைத்தாள். குறைந்ததற்கு இன்னொன்று சுற்றினாள். கட்டு முடிய வேண்டுமே.

டீ குடித்ததும் ஒன்று துளிர்த்தது. சோறு தின்று கை கழுவினதும் ஒன்று. கடையில் லாரிக்காரனோடு வாக்குவாதம் முடிந்ததும் ஒன்று. அவன் எங்கே இருந்தாலும் ஆசை வந்த இடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தான், வீட்டில் பீடி பச்சை விட்டது. முப்பது வருஷத்து ஆசைக்கு ஒரு சுளகு எப்படிப் போதும்? பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவியின் சுளகுக்குத் தாண்டியது, எதிரே என் வீட்டுக்காரி கோமுவின் சுளகுக்கு வந்தது, ஒரு வாரத்துக்குள் தெருக்கோடி வரை போய்விட்டது.

யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. வேலை கிடக்கிறது. ரஹ்மத் பீவிதான் முதலில் கண்டுபிடித்தாள். துளிர்க்கிற நேரத்தைக் கவனித்துவிட்டு, இது சாமியும் இல்லை, பூச்சியும் இல்லை, வெயிலண்ணன் குடிக்காத பீடி என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவன் மனசு எங்கள் தெருவில் ரகசியமாக இருக்கவில்லை. சுளகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அண்ணன் இப்போதுதான் டீ குடித்தார் என்பாள் ஒருத்தி. இல்லை, போலீஸ்காரன் ஓசியில் பஞ்சர் ஒட்டிவிட்டுப் போயிருப்பான், வரிசையாக மூன்று வருகிறது பார் என்பாள் இன்னொருத்தி. காலையிலிருந்து ஒன்றும் துளிர்க்கவில்லை என்றால், ஆள் எங்கேயோ ஒளிந்து குடித்துவிட்டார் என்று அர்த்தம். சாயங்காலம் அவன் தெருவுக்குள் வரும்போது பெண்கள் தலையை நிமிர்த்தாமல் சிரிப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். கடவுளிடம் மட்டும் சொல்ல வேண்டியதை அவன் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான், பாவம்.

துளிர்த்ததைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வரவில்லை. சாக்கடை ஓரத்தில் ஊன்றி வைத்தார்கள். அது புகையிலையும் இல்லை, பீடி இலை மரமும் இல்லை. ஆடு மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. பூக்கவில்லை. வாடவும் இல்லை.

செக்கர் குற்றாலத்துக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனி கொடுக்கிற இலைக்கும் தூளுக்கும் பீடியை எண்ணி வாங்குகிறவன் அவன். கட்டைப் பிரித்து, உள்ளே ஒரே ஒரு பச்சை இருந்தாலும் கட்டையே கழித்துவிடுவான். பெண்கள் அவனைத் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டினார்கள். நாங்கள் டீக்கடையில் வெயிலுமுத்துவைப் பிடித்துக்கொண்டோம்.

"ஒத்தப் பீடிய இழுத்துத் தொலையும்வே," என்றேன் நான். "நீரு சாமியாராப் போறதுக்கு எங்க வீட்டு உலையா கெடச்சுது?"

அவன் டீயை வைத்துவிட்டுப் பெஞ்சிலேயே கண்ணை மூடினான். வீட்டுக்குப் போனால் கோமுவின் சுளகில் ஐந்தாறு துளிர்த்திருந்தது. அவளிடம் எனக்குக் கிடைத்த வசவு தனி.

ஆனால் அவனை நிறுத்தச் சொல்லி முப்பிடாதியின் முன்னால் பேச எந்தப் பெண்ணுக்கும் வாய் வரவில்லை. அவள் இருமலை எல்லோரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் அவள் இருமலைக் கேட்டுவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கடைசியில் பெண்கள் கூடி ஒரு வழி கண்டார்கள். எங்கள் தெருவில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பிடி பீடியை ஒரே சுளகில் சேர்த்துச் சுடலைமாடனுக்குப் படைப்பது வழக்கம். மாடன் பீடி குடிக்கிற சாமி. அதே மாதிரி வெயிலுமுத்துவுக்கும் தினமும் வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைத்துவிடுவோம், துளிர்க்கிறதெல்லாம் அதிலே துளிர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு பண்ணி, புதுச் சுளகு ஒன்று வாங்கி, மஞ்சள் தடவி, பீடியை நிரப்பி, அவன் வீட்டு வாசற்படியில் கொண்டுபோய் வைத்தார்கள். எல்லோருக்கும் திருப்தி.

பீடியை விடப் பாடுபடுகிற மனுஷனின் வாசலில், ஊர்ப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, ஓசியில், ஒரு சுளகு பீடியை வைத்துவிட்டு வந்தார்கள். இப்படி ஒரு யோசனை எங்கள் தெருவுக்குத்தான் வரும். அதில் இருக்கிற கோளாறு எனக்கும் அப்போது தோன்றவில்லை.

சொன்னால் கேட்கிற மாதிரி, துளிர்ப்பது எல்லாம் அந்தச் சுளகிலேயே துளிர்த்தது. மற்ற சுளகுகள் தப்பின. குற்றாலம் கட்டுகளைக் கழிப்பதை நிறுத்தினான். வெயிலுமுத்து மட்டும் போகும்போது அந்தச் சுளகைத் தாண்டிப் போனான், வரும்போது தாண்டி வந்தான். அதுவரை அவன் குடித்தது முப்பிடாதி சுற்றின பீடி மட்டுமே. இப்போது இறுக்கமாகச் சுற்றுகிற ரஹ்மத்தின் பீடியும், தொளதொளவென்று சுற்றி ஒரே இழுப்பில் நெஞ்சை நிறைக்கிற கோமுவின் பீடியும், மெலிசாகச் சுற்றுகிற கோடி வீட்டுக்காரியின் பீடியும், தெருவில் இருக்கிற எல்லாப் பெண்களின் கைப்பக்குவமும் அவன் வாசலில் வந்து கிடந்து, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மணம் விட்டது. அவன் ஒருத்தரையும் குறை சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் வைத்தவர்களை என்ன சொல்வது? கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த மாசக் கடைசியில் மறுபடியும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா புதுப் படத்தைப் பார்த்தாள், பழைய படத்தைப் பார்த்தாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பொறுக்க வேண்டும் என்றாள். பொறுமை என்ற சொல் அவன் பிடரியில் அறைந்த மாதிரி இருந்ததாம். வீட்டுக்கு வந்து, உள்ளே போகாமல், வாசற்படியில் அந்தச் சுளகுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். விட்டு என்ன கண்டேன் என்று வந்தது. இவ்வளவு பாடும் எதற்கு என்று வந்தது. முப்பது வருஷமாக வந்த ஆசையும், இந்த ஒரு மாசமாகத் தள்ளித் தள்ளி விட்ட ஆசையும், இனி வரப்போகிற ஆசையும் ஒரேயடியாக வந்து அவன் இரண்டு விரல்களுக்கு நடுவில் நின்றன. கை சுளகுக்கு மேலே வரை போனது. போன கையை எடுத்து மடியில் வைத்துக் கண்ணை மூடினான்.

தெரு முழுக்கத் துளிர்த்தது.

வாசல் சுளகு முதலில் பச்சையானது, பிறகு வீட்டுச் சுளகுகள், பிறகு சுற்றி முடித்து நூல் கட்டி வேனுக்காக அடுக்கி வைத்திருந்த கட்டுகள், பிறகு வெட்டாமல் ஈரத்துணியில் மூடியிருந்த இலைகள், பெட்டியில் இருந்த தூள், மூலையில் யாரோ எப்போதோ தவறவிட்ட பீடி, என் சட்டைப் பையில் இருந்த பாதிப் பீடி, எல்லாம் பச்சை. அது சனிக்கிழமை. கம்பெனி வேன் வருகிற நாள். ஒரு வார உழைப்பு வீட்டுக்கு வீடு நாற்று மாதிரி நின்றது.

பெண்கள் மெதுவாக ஒவ்வொருத்தியாக அவன் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். குற்றாலம் பைக்கில் வந்தான். எட்டிப் பார்த்தான். வெயிலுமுத்து பீடி குடிக்கிற வரைக்கும் இந்தத் தெருவுக்கு இனி இலை கிடையாது என்று கம்பெனி பேரில் சொன்னான். பிறகு பைக்கின் பெட்டியிலிருந்து வேறு ஊரில் சுற்றின பீடி ஒன்றை எடுத்து, தீப்பெட்டியோடு நீட்டினான்.

"ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சி. தெருவப் பாரும். எல்லாரும் பொம்பளையளு, பொழப்பு போயிரும்."

வெயிலுமுத்து தெருவைப் பார்த்தான். யாரும் குடி என்று சொல்லவில்லை, குடிக்காதே என்றும் சொல்லவில்லை. அவன் பீடியை வாங்கினான். தீப்பெட்டியையும் வாங்கினான். முப்பிடாதியைப் பார்க்கத் திரும்பினான்.

அவள் வாசலுக்கு உள்ளே நடையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சுளகு இல்லை. இலை இல்லை, தூள் இல்லை, நூல் இல்லை. ஆனால் அவள் பத்து விரலும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. இல்லாத இலையை எடுத்து, இல்லாத தூளைத் தூவி, உருட்டி, மடக்கி, போட்டு, மறுபடியும் எடுத்து. முப்பது வருஷமாக அவன் சுளகுக்குள் கையை விட்டிருக்கிறான், அந்தக் கைகளைப் பார்த்ததில்லை.

"ஏளா, என்ன செய்யுத?"

"நிறுத்த முடியலங்க," என்றாள் அவள். "தூங்கையிலயும் இப்படித்தான் சுத்துது. நீங்க விட்டுட்டீங்க. எனக்கு விடத் தெரியல."

அவன் தீப்பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போய் அவள் முன்னால் உட்கார்ந்தான். பீடியை அவள் உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் அதையும் உருட்டப் பார்த்தன.

"விரல விரட்டாத," என்றான். "மூச்சப் பாரு. வருதா? போகுதா? அத மட்டும் பாரு."

அவள் கண்ணை மூடினாள். அவள் மூச்சு ஓட்டைச் சுவர் வழியாகக் காற்று வருகிற மாதிரி கீச்சுக் கீச்சென்று வந்தது, போனது. அந்தத் தெருவில் அவ்வளவு பேர் நின்று ஒருத்தியின் மூச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சுண்டு விரல் நின்றது. பிறகு மோதிர விரல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்ச நேரம் அடம்பிடித்தன, பிறகு அவையும் படுத்துக்கொண்டன. ரஹ்மத் பீவி குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள், அவை சுற்றிக்கொண்டிருந்தன. கோமு பார்த்தாள். நின்றிருந்த அத்தனை பெண்களின் விரல்களும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருத்தி உட்கார்ந்தாள். எல்லோரும் தெரு மண்ணில் உட்கார்ந்தார்கள்.

முப்பிடாதியின் உள்ளங்கையில் இருந்த பீடி முனை விரித்து இரண்டு இலை விட்டது. அது அவன் விட்டதா, அவள் விட்டதா என்று தெருவில் இன்னும் முடிவாகவில்லை. குற்றாலம் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

சொன்ன மாதிரி இலையை நிறுத்தினார்கள். கஷ்டம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் கஞ்சி, சில வீடுகளில் அதுவும் இல்லை. ஆனால் இப்படி நிற்காமல் சுற்றுகிற கைகள் கம்பெனிக்கு வேறு ஊரில் கிடைக்கவில்லை. கொடை மாசம் நெருங்கினதும் வேன் தானாக வந்து இலையை இறக்கியது. வாசலில் வைத்த சுளகை ரஹ்மத் பீவி திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். நம்ம புத்தியைச் செருப்பால் அடிக்கணும் அண்ணே என்று அவனிடம் சொன்னாளாம். அதற்குப் பிறகு தெருவில் ஒரு வழக்கம் வந்தது. சாயங்காலம் வெயிலுமுத்து சாக்கை விரித்து உட்காருகிற நேரத்தில் பெண்கள் சுளகை இறக்கி வைத்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார்கள். முதலில் பீடி கெடாமல் இருக்கட்டும் என்று இருந்தார்கள். பிறகு சும்மா இருக்கிறதுக்காகவே இருந்தார்கள். முப்பிடாதி சுளகுப் பக்கமே திரும்பவில்லை. பஞ்சர் கடைக்குப் போய் டியூப்பைத் தண்ணீரில் முக்கி, முட்டை வருகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அந்த விரல் தப்பாக வைத்ததில்லை. இருமல் மெல்லக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. அவள் மூச்சு, டாக்டரம்மா கணக்குப் போட்டதைத் தாண்டி, பல வருஷம் ஓடியது.

துளிர்ப்பதும் குறைந்தது. நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தால் ஒன்று. அப்படி ஒன்று துளிர்க்கும்போது பெண்கள் அதை எடுத்துச் சாக்கடை ஓரத்தில் ஊன்றிவிட்டு, கட்டுக்கு இன்னொன்று சுற்றுவார்கள். பிறகு அதுவும் நின்றது. புதுசாக வந்த மருமகள்களுக்கு நாங்கள் சொன்னால் சிரித்தார்கள். அந்தச் செடிகள் மட்டும் முழங்கால் உயரத்தில் அப்படியே நின்றன.

ஒரு மத்தியானம். நல்ல வெயில். கோமு சுற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சுளகில் ஒன்று பச்சை விட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. பிறகு சுளகு முழுக்க. எதிர்வரிசையில் ரஹ்மத் பீவி எழுந்து நின்றாள். தெருக்கோடி வரை ஒவ்வொரு வாசலாகப் பெண்கள் எழுந்து நின்றார்கள், மடியிலிருந்த சுளகுகள் பச்சையாகக் கீழே இறங்கின. புது மருமகள் ஒருத்தி என்ன ஆச்சு அத்தை என்று கேட்டாள்.

"முப்பிடாதி போயிட்டா," என்றாள் கோமு. சேலையை உதறிக்கொண்டு நடந்தாள்.

யாரும் வந்து சொல்லவில்லை. போனோம். முப்பிடாதி படுத்திருந்தாள். பக்கத்தில் வெயிலுமுத்து சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வலது கை மடியில் விரிந்து கிடந்தது. அவள் பத்து விரலும் நெஞ்சின் மேல் அசையாமல் இருந்தன.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு வாசலில் வெற்றிலையோடு ஒரு தட்டுப் பீடி வைக்க வேண்டும். வருகிற ஆண்கள் எடுத்துக் குடிப்பார்கள்; அது இல்லாமல் துட்டி வீடு கிடையாது. குற்றாலம்தான், அவனும் கிழவனாகிவிட்டான், தட்டைக் கொண்டுவந்து வைத்தான். தட்டு நிறையப் பச்சை. தெருவில் காய்ந்த பீடி ஒன்றுகூட இல்லை. ஆண்கள் வந்தார்கள், வழக்கப்படி ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள், அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் நின்றார்கள், பிறகு காதில் செருகிக்கொண்டார்கள். நானும் செருகிக்கொண்டேன்.

அப்படியேதான் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். பாலம் தாண்டும்போது நல்ல காற்று. ஒருத்தன் காதிலிருந்தும் விழவில்லை.